அட்டை சார்

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்தால் வாசலில் மூன்று பேரில் ஒருவர் நிற்க வேண்டும். பால் பாக்கெட் பையன், மோட்டார் ஓடவில்லை என்று சொல்ல வந்த வாட்ச்மேன், அல்லது அட்டை சார். போன ஆவணியில் ஒருநாள் கதவைத் திறந்தேன். குளித்து, விபூதி இட்டு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில் அட்டை சார். கைகள் இரண்டிலும் ஒரு கவர். கோயில் பிரசாதத்தைக்கூட மனிதர்கள் அவ்வளவு பத்திரமாகப் பிடிப்பதில்லை.

"கல்யாண நாள் வாழ்த்துகள் சார்!"

யாருக்கு என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளையாக மூடிக்கொண்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். நான் மறந்துவிட்டது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கரண்டி நின்ற தினுசைப் பார்த்ததில் அவளும் மறந்திருந்தது எனக்குத் தெரிந்துபோயிற்று. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் நாங்கள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசடு வழிந்தது அன்றைக்குத்தான்.

கவரைப் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

"படிக்காதீங்க சார். தடவிப் பாருங்க."

தடவினேன். ஒரு மயில், இரண்டு பூ, ஒரு குத்துவிளக்கு. எல்லாம் தங்கநிறத்தில் மேடிட்டு விரலில் தட்டுப்பட்டன. பல் டாக்டர் வாய்க்குள் பார்க்கும்போது இருக்கிற கவனத்தோடு அவர் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா."

இப்படி ஒருவர் இப்போது எல்லா அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இருக்கிறார். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டிக் கம்மல் செய்பவர்கள், பிள்ளையின் ஆசிரியர் தின அட்டையை இரவு பதினொன்றரை வரை தாமே செய்துவிட்டுப் பிள்ளையின் கையெழுத்தில் பெயரையும் எழுதிவிடும் அம்மாக்கள் எல்லாரும் இந்த இனத்தின் ஒன்றுவிட்ட உறவுகள். ஆனால் எங்கள் அட்டை சார் போல முற்றியவர் அபூர்வம். பெயர் பிள்ளைகள் வைத்தது. அட்டை என்றால் மழைக்காட்டில் காலில் ஏறினால் இறங்காத ஜந்துவும்தான் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தே வைத்திருப்பார்கள் என்பது என் மனைவியின் கட்சி.

வங்கியில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் ஆறு மாதம் நடைப்பயிற்சி. அடுத்த ஆறு மாதம் குடியிருப்போர் சங்கக் கணக்கைத் தணிக்கை செய்து, நாற்பது ரூபாய் இடிக்கிறது என்று கண்டுபிடித்து, செயலாளருக்கு ரத்தக்கொதிப்பு வரவழைத்தார். அந்தச் சமயம் பார்த்து அமெரிக்காவிலிருந்து வந்த மகள் ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனாள். ரப்பர் முத்திரைகள், நாலைந்து மைப்பெட்டிகள், ஒரு குப்பி தங்கப் பொடி. அந்த ஊரில் இது பெரிய பொழுதுபோக்காம். "அப்பாவுக்கு முத்திரை குத்துறதுன்னா பிடிக்குமேன்னு வாங்கினேன்" என்றாளாம். செயலாளர் பிழைத்தார். மற்றவர்கள் மாட்டிக்கொண்டோம்.

வாழ்த்து அட்டை அவருக்குப் புதிதில்லை. எண்பதுகளில் மார்கழி பிறந்துவிட்டால் பெட்டிக்கடை வாசலிலெல்லாம் கொடி கட்டிப் பொங்கல் வாழ்த்து தொங்குமே, அந்தத் தலைமுறை. பானை, கரும்பு, சூரியன், கொம்புக்கு வண்ணம் பூசிய காளை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ரஜினி, கமல். கவரை ஒட்டாமல் மடக்கிச் செருகி புக்-போஸ்ட்டில் போட்டால் தபால்தலைக் காசு குறைவு. நம் அட்டை சார் வருடத்துக்கு அறுபது போடுவாராம், பதிலுக்கு நாற்பத்தைந்து வருமாம். வராத பதினைந்து யாருடையவை என்று இன்றைக்கும் சொல்வார். பிறகு எஸ்.எம்.எஸ். வந்தது, பண்டிகை நாளில் இலவசம் செல்லாது, முழுக் காசு என்று கம்பெனிகள் சொன்னதும் ஜனங்கள் முந்தின நாளே வாழ்த்தித் தள்ளினார்கள். அப்புறம் வாட்ஸாப். இப்போது ஒரே குத்துவிளக்குப் படம் எட்டுப் பேரிடமிருந்து வருகிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் முகம் வாராக்கடன் பட்டியலைப் பார்த்த மேனேஜர் முகம் ஆகிவிடும்.

அவருடைய பட்டறையை ஒரு மே மாதத்தில் பார்க்க நேர்ந்தது. உள்ளே போனதும் அவர் செய்த முதல் காரியம் மின்விசிறியை நிறுத்தியது. சென்னையில், மே மாதத்தில்.

"பொடி பறந்துடும் சார்."

அறையில் கல்யாண மண்டப வாசனை. எங்கிருந்து என்று பார்த்தால் மேஜையில் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா. முத்திரை குத்துவதற்கு முன்னால் அதைத் துணியில் முடிந்து அட்டைமேல் ஒற்றி எடுக்கிறார். கையின் பிசுக்கும் காற்றின் ஈரமும் அட்டையில் இருந்தால் தங்கப் பொடி வேண்டாத இடத்திலெல்லாம் போய் உட்காருமாம். "குழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி போடணும். அப்பத்தான் அழாது" என்றார். அவர் வீட்டு அம்மா கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வையில், அவருடைய குழந்தைகளுக்கு இவர் ஒருநாளும் பவுடர் போட்டதில்லை என்பது தெரிந்தது.

"முப்பத்து நாலு வருஷம் நான் குத்தினது எல்லாம் சீக்கிரம் காயுற மை சார். வயலெட் கலர். குத்தினவுடனே காகிதம் குடிச்சிடும். இது குடிக்காத மை. மேலேயே நிக்கும். ஈரமாவே இருக்கும். அந்த ஈரத்துலதான் பொடி ஒட்டும்."

குத்தினார். மயில் ஈரமாக மினுங்கியது. அதன்மேல் பொடியைக் கொட்டினார். பொடி என்றால் ஏதோ தங்கம் என்று நினைக்க வேண்டாம்; சூட்டில் உருகும் பிசின் தூள், நிறம் சேர்த்தது. மயில் முழுக்கப் புதைந்தது. பிறகு அட்டையைச் சாய்த்து, முதுகில் சுண்டுவிரலால் தட்டி, மிச்சத்தை மடித்த காகிதத்தில் ஏந்தி, திரும்பக் குப்பிக்குள் விட்டார். ஒரு பொடி வெளியே சிந்தவில்லை. கூட்டுறவு ரேஷன் கடையில் சர்க்கரை நிறுப்பவர்கள் வந்து பார்க்க வேண்டிய காட்சி. ஆனாலும் மயிலின் கழுத்துக்குப் பக்கத்தில் மூன்று துகள் தவறுதலாக ஒட்டியிருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சி அளவில் ஒரு தூரிகை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதைத் தள்ளினார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விசிறி வேறு ஓடவில்லை.

அடுத்தது சூடு. இதில் அவருக்கு ஒரு பெரிய பூர்வகதை உண்டு. முதலில் மகளின் பழைய ஹேர் டிரையரைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அது ஊதுகிற அளவுக்குச் சுடாது. மயில் உருகவில்லை, பறந்தது. அன்றைக்குச் சாம்பாரில் தங்க பஸ்பம். இரண்டாவது முயற்சி தோசைக்கல். அட்டையைக் கல்லுக்கு ஒரு அங்குலம் மேலே பிடித்தால் அடியிலிருந்து சூடேறிப் பொடி உருகும். கொள்கை சரியானதுதான், இஸ்திரிப் பெட்டிக்கு மேலே காட்டி இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. கை நடுங்கியதில் அட்டை கல்லில் விழுந்து ஒரு பக்கம் முறுகலாக வந்துவிட்டது. "எடுத்துத் திருப்பிப் போட்டிருந்தா ஆனியனே தூவியிருக்கலாம்" என்றது கதவோரக் குரல். அதோடு சமையலறைப் பக்கம் அவருக்குத் தடையுத்தரவு.

கடைசியில் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஹீட் கன் வாங்கி வந்தார். மொபைல் ரிப்பேர் செய்பவர்களும் எலக்ட்ரீஷியன்களும் வைத்திருப்பது. 1800 வாட். அதைப் போட்டால் அடுத்த வீட்டு டி.வி. ஒரு நொடி யோசிக்கும். மின்வெட்டு நேரத்தில் ஞாபகமில்லாமல் இன்வெர்ட்டரில் செருகி, அது போட்ட ஓலத்தில் கீழ்வீட்டுப் பாட்டி தீ விபத்து என்று நகைப்பெட்டியோடு படியிறங்கிவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சூடு பட்ட கணத்தை நானும் பார்த்தேன். பாலைத் தெளித்த கோலமாவு போலச் சொரசொரவென்று கிடந்த பொடி, ஒரு ஓரத்தில் கண் திறந்தது. அங்கிருந்து பளபளப்பு மெல்ல நகர்ந்து கழுத்து, உடல், தோகை என்று ஓடி, மயில் மொத்தமும் ஒரே வார்ப்பாக எழுந்து நின்றது. கோயில் கவசத்தில் விளக்கொளி பட்டதுபோல. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தும் "அட!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் செய்த தவறு அதுதான். அந்த ஒரு "அட"வுக்காக இரண்டு வருடமாக அனுபவிக்கிறேன்.

"இதுக்கு மேல ஒரு செகண்டு காட்டினா போச்சு" என்று கன்னை அணைத்தார். "அதிகம் சுட்டா எண்ணெய் விட்ட மாதிரி காகிதத்துல இறங்கிடும். அட்டையும் அப்பளம் மாதிரி வளையும். பொறுமைங்கறது எப்ப நிறுத்தணும்னு தெரியறதுதான் சார்." இதைச் சொல்லிவிட்டு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

அந்த ஒன்றேகால் மணியில் தெரிந்துகொண்டது: மயில் புடைத்து நிற்பதால் மட்டும் அது எம்பாஸ் ஆகிவிடாது. இது பொடியை உருக்கி மேலே ஏற்றியது. விசிட்டிங் கார்டில் எழுத்து மேடாக இருக்கிறதே, அச்சகத்தில் அதையும் இதே தந்திரத்தில்தான், ஈர மையில் பொடி தூவிச் சூடு காட்டித்தான் செய்கிறார்கள். அசல் எம்பாஸ் என்பது மேலே ஒரு அச்சு, கீழே அதற்கு நேர்மாறான ஒரு அச்சு, நடுவில் காகிதத்தை வைத்து அழுத்துவது. முன்னால் மேடு என்றால் பின்னால் குழி இருக்க வேண்டும். குழிதான் சாட்சி.

இந்தக் குழி அவரைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. யாராவது மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தால், நாம் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், எந்த மண்டபம், டிபன் உண்டா என்று பார்ப்போம். இவர் வாங்கின கையோடு பத்திரிகையைத் திருப்பிப் பிள்ளையாரின் முதுகைத் தடவுவார். குழி இருந்தால் முகம் மலரும். "ஆண் அச்சு, பெண் அச்சு ரெண்டும் சரியா பொருந்தியிருக்கு" என்பார். வந்தவர்கள் ஜாதகத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாங்க, ஒன்பது பொருத்தம்" என்பார்கள். மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசின் முன்னால் நின்றும் எங்கள் சுற்றுலாக் கோஷ்டியை இதே விஷயத்துக்காக அரை மணி வெயிலில் நிறுத்தினார். ஏழாம் நூற்றாண்டிலேயே பல்லவன் எம்பாஸ் போட்டிருக்கிறான், பின்பக்கம் போய்க் குழி பார்க்கத்தான் வழியில்லை என்பது அவர் வருத்தம். பாறை பெரிது.

அழுத்தி எடுக்கும் வேலையையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதற்கு வாங்கிய சாமான் எதுவும் இல்லை என்பதில் ஒரு தனிப் பெருமை. வெட்டுத்தகட்டுக்குப் பழைய எக்ஸ்ரே படம். தொட்டால் மழமழ, பிளேடுக்குச் சொன்னபடி கேட்கும், கிழியாது. அழுத்துவதற்கு ரீஃபில் தீர்ந்த பால்பாயின்ட் பேனா. ஜன்னல் கண்ணாடியில் தகட்டை ஒட்டி, அதன்மேல் அட்டையைக் கவிழ்த்து, பின்னாலிருந்து வெளிச்சத்தில் தெரியும் ஓரத்தைப் பேனா முனையால் நீவினால் முன்பக்கம் புடைத்து வரும். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவர் தந்த கும்பத்தின் மூலத் தகடு, அவருடைய இடது முழங்கால். மூட்டுத் தேய்மானம் ஆரம்ப நிலை.

எழுத்துதான் அவருக்கு எதிரி. பின்னாலிருந்து அழுத்துவதை இடவலமாக மாற்றி அழுத்த வேண்டும். அழிரப்பரில் முத்திரை செதுக்கினாலும் அப்படித்தான். முதல் வருடம் இது தெரியாமல் "வாழ்க" என்று நேராகவே செதுக்கிவிட்டார். குத்தினால் கன்னடமும் இல்லை, தெலுங்கும் இல்லை, ஏதோ தொல்லியல் துறை தேடிக்கொண்டிருக்கும் சமாசாரம் மாதிரி வந்தது. வீணாக்க மனமில்லாமல் பத்து அட்டை குத்தி, "கண்ணாடியில் காட்டிப் படிக்கவும்" என்று கீழே பேனாவால் எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷ்காரனுக்கு என்ன, நாலு கோடு இழுத்தால் எழுத்து. நமக்கு "ழ" போட்டு முடிப்பதற்குள் பிளேடு இரண்டு தடவை விரலில் இறங்கிவிடுகிறது என்பார். ஓலையில் கோடு இழுத்தால் கிழியும் என்பதால் எழுத்து வளைந்தது என்பார்களே, அந்தப் பழியை இன்று இவர் விரல் சுமக்கிறது. எழுத்தாணியால் ஓலையைக் கீறி அதில் கரியைத் தடவித் தெரிய வைத்தார்களே, அதுவும் மேடு பள்ளமும் மையும் சேர்ந்த வேலைதானே என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொன்னேன். மறுவாரம் பனையோலையில் ஒரு நவராத்திரி வாழ்த்து வந்தது. சுருண்டுகொண்டே இருந்தது. பிடித்துப் படிக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

சாமான் தேடி மாதம் ஒருமுறை பாரிமுனை போவார். ஆண்டர்சன் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காகிதக் கடை, பத்திரிகைக் கடை. அங்கே டன் கணக்கில் சரக்கு எடுக்க வருபவர்களின் நடுவே இவர் "300 ஜி.எஸ்.எம்.ல ஆறு ஷீட்" என்று நிற்பார். கைவினைத் தாளையும் ஆசைப்பட்டு வாங்கிப் பார்த்தார். பஞ்சுக் கந்தலில் செய்தது, அழகு சொட்டும். ஆனால் மேடும் நாருமாக இருப்பதால் முத்திரை பாதிதான் விழும். யானை விழுந்தது, தும்பிக்கை விழவில்லை. அதைப் பசு என்று சொல்லி மாட்டுப்பொங்கலுக்குக் கொடுத்துவிட்டார்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டால் சரித்திரப் பாடம். உலகத்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல், லண்டனில். ஹென்றி கோல் என்று ஒரு பெரிய மனிதர். மூன்று வருடம் முன்னால்தான் அங்கே ஒரு பென்னிக்குத் தபால் போகலாம் என்று வந்திருந்தது. அந்த ஏற்பாட்டில் அவருக்கும் பங்கு உண்டு. அதன் பலனாகக் குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் படம் போடச் சொல்லி, ஆயிரம் அட்டை அச்சடித்து, கையால் வண்ணம் தீட்ட வைத்து, பெயரை மட்டும் நிரப்பி அனுப்பிவிட்டார். மிச்சத்தை ஒரு ஷில்லிங்குக்கு ஒன்று என்று விற்றார்கள். படத்தில் குழந்தைக்கு ஒயின் கொடுப்பதுபோல் இருக்கிறது என்று மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

இதை அட்டை சார் ஐந்தாவது முறையாக எனக்குச் சொல்லும்போது மூன்றாவது மாடியில் ஒரு ஞானம் பிறந்தது. அந்த ஹென்றி கோல் அட்டையைக் கண்டுபிடித்ததே நேரத்தை மிச்சம் பிடிக்கத்தானே? எழுத அலுப்பாக இருக்கிறது, ஆளை விடு என்பதற்காகப் பிறந்த ஒரு சாதனத்தை வைத்துக்கொண்டு, ஒரு "வாழ்த்துகள்" சொல்ல நாலரை மணி நேரம் செலவழிக்கிறாரே இந்த மனிதர்! அதை வாங்கிக்கொள்ள நமக்கும் முக்கால் மணி ஆகிறது. நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அட்டையை அவர் நமக்குக் கொடுப்பதில்லை. அட்டை செய்த கதையைக் கொடுக்கிறார். நம் கல்யாண நாள், பிள்ளை பாஸானது, பாட்டிக்குக் கண் ஆபரேஷன், எல்லாம் அதற்கு ஒரு முகாந்திரம்.

கொடுத்தபிறகுதான் தொல்லை ஆரம்பம். பத்திரிகை என்றால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். இவை புடைப்பு நசுங்கும் என்பதால் நிற்க வைக்க வேண்டும். ஷோகேஸில் கொலு பொம்மைக்கே இடமில்லை. பெயர் பொறித்திருப்பதால் இன்னொருவருக்குத் தள்ளிவிடவும் வழியில்லை. பழைய பேப்பர்க்காரரிடம் போடலாமென்றால், அவர் தராசைத் தூக்கும் நேரத்தில் அட்டை சார் மாடிப்படி இறங்குவார். வங்கிப் புத்தி போகாதல்லவா, அவரிடம் ஒரு பேரேடு இருக்கிறது: தேதி, பெறுபவர், வடிவம், மை, பொடி. கடைசிப் பத்தி, "தற்போதைய நிலை". அதை நிரப்பத்தான் அவ்வப்போது காப்பி குடிக்க வருகிறார். போன தீபாவளி அட்டை எங்கே என்று அவர் கண் சுவரை மேயும்போது, அது சாப்பாட்டு மேஜையின் ஆடும் காலுக்கு அடியில் இருந்தது. 300 ஜி.எஸ்.எம். அல்லவா, நாலாக மடித்தால் அளவெடுத்தாற்போல் பொருந்திவிட்டது. அன்று முழுக்க நான் அந்தக் காலை என் காலால் மறைத்துக்கொண்டே பேசினேன்.

கல்யாணத்துக்குப் போனால் மொய்க் கவர் 101 ரூபாய், கூடவே அட்டை. ஒரு கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அந்த அட்டையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பாத்திரமும் இல்லை, பணமும் இல்லை. கடைசியில் எழுதினார்: "101. அட்டை ஒன்று." அட்டை சார் குனிந்து பார்த்துவிட்டு, "எம்பாஸ் செய்ததுன்னு சேர்த்துக்குங்க" என்றார். பின்னால் வரிசை பந்தி வரை நின்றது.

இந்தத் தையில் அவருக்கு எழுபது. பீமரத சாந்தி. குடியிருப்பு மொத்தத்துக்கும் ஒரு தர்மசங்கடம் வந்தது. அவருக்கு என்ன கொடுப்பது? கடையில் அட்டை வாங்கிக் கொடுத்தால் சமையல்காரரை வீட்டுக்கு அழைத்து ஹோட்டல் பார்சல் பிரித்ததுபோல் இருக்கும். கொடுக்காமலிருந்தால் பேரேட்டில் ஏறும். செயலாளர் வேட்டி துண்டு என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்கதானே முதல்ல அட-ன்னு சொன்னவர்" என்றாள்.

இரண்டு இரவு. ஒரு குப்பி பொடி, ஒரு மைப்பெட்டி, யானை முத்திரை, எல்லாம் பாரிமுனையில் அவருக்குத் தெரியாமல் வாங்கினேன். விசிறியை நிறுத்தினேன். மனைவியின் முகப்பவுடரைத் துணியில் முடிந்தேன். முதல் ஐந்து யானைக்கும் கால் வரவில்லை. ஆறாவது யானையை இஸ்திரிப் பெட்டிக்கு மேலே காட்டினேன். வயிற்றில் ஆரம்பித்துத் துதிக்கை வரைக்கும் பளபளப்பு ஓடியதைப் பார்த்து மனைவி "அட" என்றாள். அந்தப் பெருமையில் ஒரு செகண்டு கூடுதலாகக் காட்டிவிட்டேன். பின்கால் கொஞ்சம் எண்ணெய் இறங்கி வடை மாதிரி ஆகிவிட்டது. அதன் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை, பத்திரப்பதிவு ஆபீஸில் வைத்ததைவிடத் தெளிவாக, தங்கத்தில்.

மண்டபத்தில் கலச நீர் தலையில் சொட்டச் சொட்ட, மாலையோடு உட்கார்ந்திருந்தார். அட்டையைக் கொடுத்தேன். படிக்கவில்லை. கட்டைவிரலை ஓட்டினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஹோமப் புகைக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திருப்பி முதுகைத் தடவினார். சாஸ்திரிகள் இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. ஒன்றும் சொல்லாமல் அட்டையை மடியில், தாம்பூலத்துக்கு மேலே வைத்துக்கொண்டார். கண் கலங்கியதா, ஹோமப் புகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு மணி அடித்தது. அரைக்கைச் சட்டை, விபூதி, இரண்டு கைகளிலும் என் அட்டை.

"பின்கால்ல ஓவர் ஹீட் சார். ரேகையைச் சுரண்டி எடுத்துட்டேன், காலைத் திரும்பப் போட்டிருக்கேன்" என்று நீட்டினார். "தடவிப் பாருங்க."